எல்லார் வீட்டுப் பந்தலிலும் ஏறிய கொடி

ஆறு ஆண்டுகள் பாடுபட்டு நீங்கள் ஒரு புதிய திராட்சை ரகத்தை உருவாக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விலைக்குக் கன்றும் விற்கிறீர்கள். உங்களிடம் பத்துக் கன்று வாங்கிப்போன நாற்றங்கால்காரர், அடுத்த வருடமே அவற்றிலிருந்து குச்சி வெட்டி ஆயிரம் கன்று போட்டு, உங்கள் விலையில் பாதிக்கு விற்கிறார். அவரைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்ற சிற்றூரில் வாழ்ந்த எஃப்ரெய்ம் வேல்ஸ் புல் என்பவருக்கு இதுதான் நடந்தது. பெயரைத் தமிழில் எழுதினால் புல்பூண்டு நினைவுக்கு வரும். மனிதர் வளர்த்தது என்னவோ கொடி. கான்கார்டு என்று தன் ஊர்ப்பெயரையே அவர் வைத்த அந்தத் திராட்சை, கடுங்குளிர்ப் பகுதிகளில் திராட்சைச் சாகுபடியின் வரலாற்றையே மாற்றியது. குளிர் தாங்கும் வெள்ளைத் திராட்சையாக இன்று ஒயினுக்கும் சாற்றுக்கும் பயிராகும் நயாகரா, அந்தக் கொடியின் வாரிசு. ரகம் பெருகியது. அதைத் தந்தவர் முதியோர் இல்லத்தில் இறந்தார்.

தங்க ரேக்கு அடித்தவர்

புல் 1806 மார்ச் 4 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை வெள்ளி வேலை செய்பவர். மகன் தங்க ரேக்கு அடிக்கும் தொழில் கற்றார். தங்கத்தைச் சுத்தியால் தட்டித்தட்டி, ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிய தாளாக்கும் வேலை அது. பொறுமை இல்லாதவர்களுக்கு ஒத்துவராத தொழில். பின்னாளில் ஆயிரக்கணக்கான விதைக்கன்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்கும் பொறுமை அவருக்கு அந்தப் பட்டறையில் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நெஞ்சுக் கோளாறு வந்து, நல்ல காற்று வேண்டும் என்பதால் 1836-ல் கான்கார்டுக்குக் குடிபெயர்ந்தார். எழுத்தாளர்களும் சிந்தனையாளர்களும் நிறைந்த ஊர் அது. எமர்சனும் தோரோவும் அங்கேதான் வாழ்ந்தார்கள். நாவலாசிரியர் ஹாதார்ன் சில காலம் புல்லின் பக்கத்து வீட்டுக்காரர். புல்லுக்கோ சிறு வயதிலிருந்தே தோட்டத்தின் மேல்தான் ஆசை. ரேக்கு வேலையைத் தொடர்ந்துகொண்டே வீட்டைச் சுற்றித் திராட்சை நட்டார்.

அங்கே திராட்சை வளர்ப்பதில் இருந்த சிக்கல் நம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்குச் சட்டென்று பிடிபடாது. நாம் வருடத்தில் இரண்டு முறை கவாத்து செய்கிறோம். கொடி தூங்குவதே இல்லை. கான்கார்டில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். இலை எல்லாம் உதிர்ந்து, பழுப்பேறிய குச்சிகளாகப் பனியில் நிற்கும் கொடி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்க வேண்டும்.

ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் நாட்டுத் திராட்சையை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருநூறு ஆண்டுகளாக நட்டு நட்டுத் தோற்றிருந்தார்கள். குளிர் ஒரு பக்கம். அடிச்சாம்பல் நோயும் கருப்பழுகல் நோயும் இன்னொரு பக்கம். வேரைத் தின்னும் பிலாக்ஸீரா என்ற பூச்சி வேறு. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் இரத்தம் கலந்த இசபெல்லா, கட்டாபா போன்ற ரகங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஆனால் கான்கார்டில் அவை பழுப்பதற்குள் இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி வந்து, குலையைக் கெடுத்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குளிர் தாங்கும் ரகம் என்றால் குளிர்காலத்தில் சாகாமல் இருப்பது மட்டும் போதாது. குறுகிய கோடைக்குள் பூத்து, காய்த்து, பழுத்து முடிக்க வேண்டும். சீக்கிரம் பழுக்கும் கொடிக்கு இன்னொரு லாபமும் உண்டு. பழச்சுமை இறங்கிய பிறகு மிஞ்சும் வெயில் நாட்களில் அது குச்சியை முற்ற வைத்து, மாவுச்சத்தைச் சேமிக்கும். முற்றாத பச்சைக் குச்சிதான் பனியில் முதலில் கருகும். புல் இந்த விளக்கத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தேட வேண்டிய குணம் சீக்கிரம் பழுப்பதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு கன்று

தன் வீட்டருகே குன்றின் பக்கம் தானாக முளைத்திருந்த ஒரு காட்டுத் திராட்சையை அவர் கண்டார். மற்றக் கொடிகளுக்கு முன்பே, கோடை முடிவதற்குள் அதில் பழம் கனிந்திருந்தது. அந்தக் காட்டினத்தை நரித் திராட்சை என்பார்கள். பழத்தில் ஒரு கடும் வாடை உண்டு. தோல் கெட்டி; அழுத்தினால் உள்ளே இருக்கும் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பெங்களூர் நீலம் சாப்பிட்டவர்களுக்கு இந்த வழுக்கல் தெரியும். பெங்களூர் நீலம் என்று நாம் அழைப்பது, அமெரிக்காவிலிருந்து வந்த அதே இசபெல்லாதான். நரித் திராட்சையின் இரத்தம் அதிலும் ஓடுகிறது.

1843 அக்டோபரில், நன்றாகப் பழுத்த அந்தப் பழங்களை விதையைப் பிரிக்காமல் முழுதாகவே இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, வரிசையைப் பலகையால் மூடி வைத்தார். திராட்சை விதை முளைப்பதற்கு முன் சில மாதம் ஈரக் குளிரில் கிடக்க வேண்டும். இன்று ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்துச் செய்வதை, அவர் தரையில் ஊன்றிப் பனிக்காலத்திடம் விட்டுவிட்டார்.

நாம் திராட்சையைக் குச்சி வைத்தே பெருக்குகிறோம். அப்படிச் செய்தால் தாய்க்கொடியின் குணம் அப்படியே வரும். விதை போட்டால் அப்படி வராது. ஒரே குலையின் விதைகளில் முளைத்த நூறு கன்றும் நூறு விதமாக இருக்கும். பெரும்பாலானவை தாயைவிட மட்டமாகவே இருக்கும். அதனால்தான் சாகுபடிக்கு விதை உதவாது. அதே காரணத்தால்தான் புதிய ரகம் தேடுபவருக்கு விதையைத் தவிர வேறு வழியில்லை.

புல் ஆறு ஆண்டுகள் அந்தக் கன்றுகளை வளர்த்தார். மோசமானவற்றைப் பிடுங்கிக்கொண்டே வந்தார். 1849 செப்டம்பரில் ஒரே ஒரு கொடி அவர் எதிர்பார்த்ததைக் கொடுத்தது. பெரிய குலை, மொரமொரப்பான சாம்பல் பூத்த கருநீலப் பழம், நல்ல இனிப்பு, நல்ல மணம். மற்ற ரகங்கள் இன்னும் பச்சையாக நிற்கும்போது அது பழுத்துவிட்டது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்.

தந்தை யார்? பூக்கும் காலத்தில் பக்கத்தில் நின்ற கட்டாபா கொடியிலிருந்து மகரந்தம் வந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. பிற்கால மரபணு ஆய்வுகளும் அதற்கு ஒத்துப்போகின்றன. கட்டாபாவில் ஏற்கெனவே ஐரோப்பியத் திராட்சையின் கலப்பு உண்டு. ஆகவே கான்கார்டு வெறும் காட்டுச் செடியின் பிள்ளை இல்லை, ஒரு கலப்பு ரகம். குளிரும் நோயும் தாங்கும் உடம்பு காட்டிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கலப்பு தோட்டத்துக் கொடி வழியாக வந்தது. புல் திட்டமிட்டு மகரந்தம் தடவவில்லை. எந்தத் தாயிடமிருந்து விதை எடுப்பது என்பதையும், எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்பதையும்தான் அவர் முடிவு செய்தார். பயிர் இனப்பெருக்கத்தில் பாதி வேலை அதுதான் என்பேன்.

ஐந்து டாலர் கன்று

1850-களின் தொடக்கத்தில் கான்கார்டு பழம் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குப் போனது. புல்லுக்கு உடம்பு சரியில்லாததால் பக்கத்து வீட்டுக்காரர் பழத்தைக் கொண்டுபோனதாகவும், அங்கே அதை யாரோ காய்கறிகளோடு வைத்துவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். எங்கே வைத்திருந்தாலும் பழம் கண்ணில் பட்டுவிட்டது. 1854 வசந்தத்தில் பாஸ்டனின் ஹோவி நாற்றங்கால் நிறுவனம் கன்றுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கன்று 5 டாலர். அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் பல நாள் சம்பளம் அது. முதல் ஆண்டில் புல்லுக்கு ஏறத்தாழ 3,200 டாலர் வந்தது.

பெரிய வருமானம் அத்தோடு நின்றுபோனது.

காரணம் கொடியிலேயே இருந்தது. திராட்சைக் குச்சி சுலபமாக வேர் பிடிக்கும். ஒரு கன்றை நட்டு ஒரு பருவம் வளர்த்தால் பல கணுக்கள் கிடைக்கும். கண்ணாடி வீடு வைத்திருந்த நாற்றங்கால்காரர்கள் ஒரு கணு மட்டுமே உள்ள சிறு துண்டுகளையும் வேர் பிடிக்க வைத்தார்கள். புல்லின் கன்றை வாங்கியவர்களில் பலர் பழம் விற்க வாங்கவில்லை. கன்று விற்க வாங்கினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் கான்கார்டு கன்று எங்கும் மலிவாகக் கிடைத்தது. புல்லிடம் வாங்க யாருக்கும் தேவை இல்லாமல் போனது.

அமெரிக்காவில் 1790-லிருந்தே காப்புரிமைச் சட்டம் இருந்தது. இயந்திரம் கண்டுபிடித்தவருக்கு அது பாதுகாப்பு தந்தது. செடியை உருவாக்கியவருக்குத் தரவில்லை. ஆகவே நாற்றங்கால்காரர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. புல்லுக்கு அவர்கள் மேல் கடைசிவரை ஆறாத கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்து டாலர் விலையிலேயே கன்று நின்றிருந்தால் பாஸ்டன் பணக்காரர்களின் தோட்டத்தைத் தாண்டி அது போயிருக்குமா? விலை விழுந்ததால்தான் ஈரி ஏரிக் கரையின் சிறு விவசாயிகளிடமும், மேற்கே ஒஹையோ, மிசௌரி வரையும் கான்கார்டு போய்ச் சேர்ந்தது. 1860-களின் நடுவில் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி அறிவித்த சிறந்த திராட்சைக்கான பரிசு கான்கார்டுக்குக் கிடைத்தபோது, எளிய மக்கள் யாரும் வளர்க்கக்கூடிய ரகம் என்பதே அதன் பெருமையாக இருந்தது.

ரகம் பரவவும் வேண்டும், உருவாக்கியவருக்குப் பலனும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய அந்த ஊரில் அன்று வழி இல்லை.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கப் பார்க்கிறது. விவசாயி உருவாக்கிய ரகத்தை, ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்வதுபோல அவர் பெயரிலேயே பதிவு செய்யலாம். மரம், கொடி வகைகளுக்கு மொத்தம் 18 ஆண்டுகள் பாதுகாப்பு. மற்றப் பயிர்களுக்கு 15 ஆண்டுகள். பதிவு செய்த ரகமாகவே இருந்தாலும் விவசாயி தன் தோட்டத்து விதையையும் குச்சியையும் மறுபடி நடலாம், பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பெயர் அச்சிட்ட வணிக முத்திரையோடு மட்டும் விற்கக் கூடாது. ஒரு விஷயத்தில் கவனம் தேவை. புதிய ரகம் என்று பதிவு கேட்பதானால், விண்ணப்பிக்கும் நாளுக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக அதன் விதையையோ கன்றையோ விற்றிருக்கக் கூடாது. முதலில் விற்றுப் பார்ப்போம், அப்புறம் பதிவு செய்யலாம் என்று இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

புல்லுக்குத் திரும்புவோம். ஊரில் அவருக்கு மரியாதை குறையவில்லை. 1855-ல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார்; வேளாண் குழுவுக்குத் தலைமை ஏற்றார்; மாநில வேளாண் வாரியத்திலும் பல ஆண்டுகள் இருந்தார். விதை ஊன்றுவதை நிறுத்தவில்லை. வாழ்நாளில் அவர் வளர்த்துப் பார்த்த விதைக்கன்றுகள் 22,000-க்கு மேல் என்பார்கள். தேறியவை இருபதை ஒட்டித்தான். அவற்றில் எஸ்தர் என்று ஒரு வெள்ளை ரகமும் உண்டு.

கருநீலக் கொடியில் வெள்ளைப் பிள்ளை எப்படி என்று கேட்கலாம். திராட்சையில் கருப்பு நிறம் மேலோங்கும் குணம். வெள்ளை அடங்கி நிற்கும் குணம். கான்கார்டு வெளியே கருப்பாக இருந்தாலும் உள்ளே வெள்ளைக்கான மரபணுவையும் சுமக்கிறது. அதனால் அதன் விதையில் அவ்வப்போது வெள்ளை எட்டிப்பார்க்கும்.

நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊரில் ஹோக், கிளார்க் என்ற இருவர் 1868-ல் கான்கார்டையும் கசாடி என்ற வெள்ளை ரகத்தையும் கலந்தார்கள். 1872-ல் முதல் பழம் வந்தது. வெளிர் பச்சையில் மஞ்சள் ஓடிய பெரிய பழம். அதுதான் நயாகரா. குளிரைத் தாங்குவதில் கான்கார்டைவிட ஒரு படி குறைவு என்றாலும், ஐரோப்பிய வெள்ளை ரகங்கள் பிழைக்காத இடங்களில் நன்றாகக் காய்த்தது. புல்லுக்கு நேர்ந்ததை இவர்கள் பார்த்திருந்தார்கள். ஆகவே கன்றைச் சந்தையில் கொட்டவில்லை. நயாகரா திராட்சை நிறுவனம் என்று ஒன்றை அமைத்து, கன்று பெருக்கும் வேலையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் போட்டு விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். சட்டம் தராத பாதுகாப்பை ஒப்பந்தத்தால் தேடிக்கொண்டார்கள். எத்தனை நாள் குச்சியைக் கட்டிப்போட முடியும்? சில ஆண்டுகள்தான். ஆனால் அந்தச் சில ஆண்டுகள் புல்லுக்குக் கிடைக்காதவை.

கான்கார்டை வைத்து உண்மையில் தொழில் கட்டியவர்கள் வேறு. 1869-ல் நியூஜெர்சியின் வைன்லாண்டு ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத் திருவிருந்துக்குப் போதையில்லாத திராட்சை ரசம் வேண்டும் என்று கான்கார்டு சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடுபடுத்தினார். நொதிக்காமல் நின்றது. அவர் மகன் அதைப் பெரிய வியாபாரமாக்கினார். இன்று திராட்சை மிட்டாயிலும் குளிர்பானத்திலும் நாம் திராட்சை மணம் என்று நினைப்பது கான்கார்டின் மணத்தைத்தான். அந்த நிறுவனத்தை 1956-ல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பே வாங்கிக்கொண்டது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

புல் அதையெல்லாம் பார்க்கவில்லை. முதுமையில் கையில் பணமில்லை. 1893-ல் ஏணியிலிருந்து விழுந்து அடிபட்டவர் பழையபடி எழவில்லை. ஊரின் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். 1895 செப்டம்பர் 26 அன்று, கான்கார்டு பழுக்கும் மாதத்தில், 89 வயதில் இறந்தார். விதைத்தவர் இவர், அறுத்தவர்கள் மற்றவர்கள் என்ற பொருளில் அவர் கல்லறையில் பொறித்து வைத்தார்கள். குச்சியாலோ ஒட்டாலோ பெருக்கும் செடிகளுக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது 1930-ல். அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து.

நயாகராவோ பிரேசில் வரை போனது. குளிருக்காகப் பிறந்த கொடி அங்கே வெப்ப மண்டலத்தை ஒட்டிய சாவோ பாவ்லோ பகுதியில் முக்கியமான சாப்பாட்டுத் திராட்சையானது. 1933-ல் அங்கே ஒரு தோட்டத்தில் வெள்ளை நயாகராக் கொடியின் ஒரு கிளையில் மட்டும் இளஞ்சிவப்புப் பழம் காய்த்தது. யாரோ ஒருவர் அதைக் கவனித்துக் குச்சி வெட்டி வைத்தார். அந்த நயாகரா ரோசாடாதான் இன்று அந்நாட்டுச் சந்தைகளில் குவிந்து கிடக்கிறது.

கான்கார்டு ஊரின் லெக்சிங்டன் சாலையில் புல்லின் வீடு இன்றும் இருக்கிறது. திராட்சைக்கொடிக் குடில் என்று அதற்குப் பெயர். பக்கத்தில் ஒரு பந்தலில் படர்ந்திருக்கும் கொடி, 1849-ல் காய்த்த அந்தத் தாய்க்கொடியின் வேரிலிருந்து வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.